ஒழுங்கைக்குள் எழும்பும் மாடிகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் சிறிது நேரத்தில் கொக்குவில் வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் ரியூசனுக்காக அங்கே போகிறேன். ஓட்டோ ஒன்று எதிரே வந்தால் மதிலோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலமே உள்ள ஓர் ஒழுங்கையில், மாமரம் நின்ற காணியில் இப்போது மூன்று மாடி எழும்பியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் சொன்னார்: "வெயிலும் இல்லை, காற்றும் இல்லைப் பிள்ளை. அவரவர் காணியில் அவரவர் கட்டினால் நாங்கள் என்ன கேட்கிறது?"

கேட்கலாம். நம் நாட்டுச் சட்டம் அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இடம் வைத்திருக்கிறது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் ஒரு கோணம் வருகிறது: 63½ பாகை. வீதியின் எதிர் ஓரத்தில் நிலமட்டத்திலிருந்து அந்தச் சாய்வில் ஒரு கோடு கீறினால், கட்டடம் அதைத் தாண்டி மேலே போகக் கூடாது. கணிதப் பிரிவுத் தோழி கணக்குப் பார்த்துவிட்டு, அந்தக் கோணத்தின் தான்சன் கிட்டத்தட்ட இரண்டு என்றாள். அதாவது 10 அடி ஒழுங்கையின் ஓரத்திலேயே கட்டினால் உயரம் ஏறக்குறைய 20 அடி. 10 அடி உள்ளே தள்ளிக் கட்டினால் 40 அடி. எதிர் வீட்டுக்காரருக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதை இவ்வளவு எளிமையாக ஒரு கோட்டில் அடக்கியிருக்கிறார்கள்.

பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அது பிரகடனம் செய்த பிரதேசங்களில் அனுமதியின்றிக் கட்ட முடியாது. எந்த வலயத்தில் வீடு, எந்த வலயத்தில் கடை, எவ்வளவு இடம் வெறுமையாக விட வேண்டும், எந்த அகல வீதிக்கு எத்தனை மாடி என்பவையெல்லாம் விதிகளில் உண்டு.

வெளிச்சத்தை விட எனக்குப் பயம் தருவது தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். கழிவுநீரைக் கொண்டுபோகப் பொதுக் குழாயும் இல்லை, ஒவ்வொரு வளவிலும் மலக்குழிதான். ஐந்து பேர் இருந்த வளவில் அறை அறையாக வாடகைக்கு விட்டு முப்பது பேர் இருந்தால், குழிக்குள் போவது ஆறு மடங்கு. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்கு மதில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு வயல் உரத்தோடு மலக்குழிகளும் காரணம் என்று ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சோனகத்தெருவில் ஒரு துண்டுக் காணியை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும். மேலே கட்டாமல் எங்கே போவது?" என்றார். நியாயம்தான். மாடியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு மாடி எடுப்பதும், ஒழுங்கைக்குள் விடுதி கட்டுவதும் ஒன்றல்ல. விதிகள் அளவு வைப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை இந்தியாவின் நொய்டாவில் பார்த்தோம். எமரால்ட் கோர்ட் குடியிருப்பில், பூங்கா வரும் என்று சொல்லப்பட்ட இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழுந்தன. கட்டடங்களுக்கிடையே 16 மீற்றர் விட வேண்டிய இடத்தில் விட்டது சுமார் 9 மீற்றர். குடியிருப்பாளர்கள் தாங்களே காசு சேர்த்து 2012இல் நீதிமன்றம் போனார்கள். 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று இரு கோபுரங்களும் சில விநாடிகளில் தரைமட்டமாயின. வென்றார்கள், ஆனால் பத்து வருடம் போய்விட்டது.

கொக்குவிலில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அது நல்லூர் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது, கட்டட அனுமதி கேட்டு வரைபடம் போவது அங்கேதான். எத்தனை மாடிக்கு அனுமதி, வீடா விடுதியா, மலக்குழி எந்த மூலையில் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். கட்டி முடிந்த பிறகும், வரைபடத்தின்படி கட்டியதாகச் சான்றிதழ் பெறாமல் குடிபோக முடியாது. ஆனால் முறைப்பாடு எழுத நல்ல நேரம், நூல் பிடித்து அத்திவாரம் வெட்டும் கிழமைதான். கொங்கிறீற் போட்டபின் அதை இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருடைய ஒழுங்கையில் இன்னொரு காணிக்குக் கல்லும் மணலும் வந்து இறங்கியிருக்கின்றன. கடிதத்தை நான் எழுதிக் கொடுக்கிறேன், கையெழுத்தை அவர் வாங்குகிறார்.