எடை குறைப்பும் கலோரிக் கணக்கும்: எந்த எல்லைக்குக் கீழே இறங்கலாகாது?

நமது நாட்டின் வைத்தியசாலைகளில் நீரிழிவு கிளினிக்கிற்குச் செல்வோர் ஒரு தடவையேனும் கேட்டிருக்கக்கூடிய வார்த்தை "எடையைக் குறையுங்கள்" என்பதாகும். அவ்வாறு சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு ஒன்று வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட மற்றுமோர் ஆய்வில் அந்த அளவு நூற்றுக்கு 23 ஆக உயர்ந்திருந்தது. எடையைக் குறைக்கவேண்டியவர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர் என்பதில் ஐயமில்லை.

ஆனால், நெரிசல் மிகுந்த கிளினிக் ஒன்றில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் எவ்வளவு குறைப்பது, எவ்வளவு உண்பது, எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்பவை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இந்த வெற்றிடத்தை அயலவரின் அறிவுரையும் கைத்தொலைபேசியில் வந்து சேரும் உணவுப் பட்டியல்களும் "ஒரே மாதத்தில் 10 கிலோ" என்ற விளம்பரங்களும் நிரப்பிவிடுகின்றன. திருமண நாள் குறிக்கப்பட்ட பெண் பிள்ளைகள் காலையில் ஒரு கோப்பைத் தேநீரும் இரவில் இரண்டு பிஸ்கட்டுமாக வாரக்கணக்கில் நாட்களை ஓட்டுவதை நாம் அறிவோம். இன்சுலின் போடுபவர்கள் ஊசியை நிறுத்தாமல் இரவுச் சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடுவதும் நடக்கின்றது. எனவே இந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியமாகின்றது.

கலோரி என்பது உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் சக்தியின் அளவையாகும். பேச்சு வழக்கில் கலோரி எனப்படுவதே உணவுப் பொதிகளில் கிலோ கலோரி என அச்சிடப்பட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். மாப்பொருளிலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரியும் கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரியும் கிடைக்கின்றன. உடல் செலவிடுவதைவிடக் குறைவாக உண்டால், பற்றாக்குறையை அது தன்னிடமுள்ள சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. எடை குறைவதன் அடிப்படை இவ்வளவே.

அவ்வாறாயின் ஒருவருடைய உடல் நாளொன்றுக்கு எவ்வளவு செலவிடுகின்றது? அசையாமல் படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் இயங்குவதற்குச் சக்தி வேண்டும். இதனை மதிப்பிடுவதற்கு 1990 ஆம் ஆண்டு வெளியான மிஃப்ளின் சமன்பாடு இன்று பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. எடையைக் கிலோகிராமில் எடுத்து 10 ஆல் பெருக்கவேண்டும். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25 ஆல் பெருக்கி அதனுடன் கூட்டவேண்டும். வயதை 5 ஆல் பெருக்கிக் கழிக்கவேண்டும். இறுதியாக, ஆண்களாயின் 5 ஐக் கூட்டவேண்டும். பெண்களாயின் 161 ஐக் கழிக்கவேண்டும். வருகின்ற தொகையை, அலுவலகத்திலோ வீட்டிலோ அதிக உடலுழைப்பின்றி இருப்பவர்கள் சுமார் 1.4 ஆல் பெருக்கினால் நாளாந்தச் செலவு தோராயமாகக் கிடைக்கும். வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களுக்கு இந்தப் பெருக்கம் இன்னும் அதிகமாகும்.

உதாரணத்திற்கு 42 வயதும் 155 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ எடையும் கொண்ட ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடல் ஓய்வில் ஏறத்தாழ 1318 கலோரியைச் செலவிடுகின்றது. நாளாந்த மொத்தச் செலவு ஏறத்தாழ 1845 கலோரியாகும். பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதைப்போன்று இதிலிருந்து 500 ஐக் குறைத்தால் அவருடைய இலக்கு 1345 கலோரியாக அமைகின்றது. ஒரு கிலோ கொழுப்பிழையத்தில் சுமார் 7700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொண்டால், வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பதே பாதுகாப்பான வேகமாக வைத்திய உலகில் ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும், இந்தப் பெண்மணி வாரத்திற்கு ஒரு கிலோ குறையவேண்டுமாயின் நாளொன்றுக்கு 1100 கலோரியைத் துறக்கவேண்டும். எஞ்சுவது 745 கலோரி மாத்திரமே. இது வைத்தியக் கண்காணிப்பின்றி எவரும் தொடக்கூடாத எல்லைக்குள் வருகின்றது. ஆகவே, பாதுகாப்பான வேகம் எனப்படுவதிலும்கூட எல்லோருக்கும் எல்லாம் பொருந்துவதில்லை.

இதே கணக்கை "ஒரு மாதத்தில் 10 கிலோ" என்ற விளம்பரத்தின்மீது பிரயோகித்துப் பார்ப்போம். பத்துக் கிலோ கொழுப்பைக் கரைக்க 77,000 கலோரிப் பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 2500 இற்கும் அதிகம். மேற்சொன்ன பெண்மணியின் முழுச் செலவே 1845 தான். அவர் முப்பது நாட்களும் தண்ணீரை மட்டும் அருந்தினாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது. அவ்வாறாயின் தராசில் காட்டப்படும் அந்தக் கிலோக்கள் எங்கிருந்து போகின்றன? பெரும்பகுதி நீரும் தசையுமாகும். ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள மாப்பொருளின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கின்றது. உணவைத் திடீரென நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு முதலில் தீர்ந்து நீரும் வெளியேறுகின்றது. முதல் வாரத்து மகிழ்ச்சி இவ்வாறு கிடைப்பதே. மீண்டும் சோறு உண்ணத் தொடங்கியதும் அது திரும்பிவிடும். இழந்த தசையோ அவ்வளவு இலகுவில் திரும்புவதில்லை.

கீழ் எல்லை எது என்ற கேள்விக்கு வருவோம். வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாதவிடத்துப் பெண்கள் 1200 கலோரிக்கும் ஆண்கள் 1500 கலோரிக்கும் கீழே இறங்கலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதியாகும். இதற்குக் குறைவான உணவில், எவ்வளவு கவனமாகத் தெரிவுசெய்தாலும், இரும்பு, கல்சியம், புரதம், விற்றமின்கள் ஆகியவற்றைத் தேவையான அளவில் அடக்குவது கடினமாகும். நாம் மேலே கூறிய 500 கலோரி விதியை இந்த எல்லைக்கு உட்பட்டே பின்பற்றவேண்டும். 55 வயதும் 150 சென்ரிமீற்றர் உயரமும் 58 கிலோ எடையும் கொண்ட ஒரு தாயாரின் நாளாந்தச் செலவு ஏறத்தாழ 1514 கலோரியே. அவரும் 500 ஐக் குறைத்தால் 1014 இற்கு வந்துவிடுவார். அவருக்குரிய இலக்கு 1200 ஆகும். வேகம் குறையும், மாதத்திற்கு ஒரு கிலோ, சிலவேளை ஒன்றேகால் கிலோ. நமது நாட்டுப் பெண்களில் உயரம் குறைந்தவர்கள் அநேகர் என்பதால், உயரமான மேலைநாட்டவர்களுக்கென எழுதப்பட்ட பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்வது பொருத்தமற்றது.

1200 என்ற எண்ணும் எல்லோருக்கும் காப்பளிக்கும் மந்திரமன்று. 1944 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைக் கொண்டு பட்டினி குறித்த பரிசோதனை ஒன்றை ஆரம்பித்தார். போரினால் பசியில் வாடிய ஐரோப்பியருக்கு எவ்வாறு மீண்டும் உணவளிப்பது என்பதை அறிவதே நோக்கமாகும். அவர்களுடைய நாளாந்தத் தேவை ஏறத்தாழ 3200 கலோரியாக இருந்தது. 24 வாரங்களுக்கு அதில் பாதியளவே, சுமார் 1570 கலோரி, வழங்கப்பட்டது. இன்றைய பட்டியல்கள் பலவற்றைவிட இது தாராளமானது என்பதைக் கவனிக்கவேண்டும். இருந்தும் அந்த இளைஞர்கள் தமது எடையில் ஏறத்தாழ காற்பங்கை இழந்தனர். கால்கள் வீங்கின, நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, மனச்சோர்வு பீடித்தது. பகல் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணினர். சமையல் நூல்களைச் சேகரித்து வாசித்தவர்களும் இருந்தனர். ஏற்கெனவே மெலிந்து, உழைத்து, நடந்து திரியும் ஒருவருக்கு 1500 கலோரியும் பட்டினியே என்பதை இது காட்டுகின்றது. இலக்கை நிர்ணயிக்கவேண்டியது அவரவர் செலவிலிருந்தே ஆகும்.

மிகக் குறைந்த உணவின் ஆபத்தும் ஏட்டளவிலான ஒன்றன்று. 1970 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டுமே அருந்தி எடையைக் குறைக்கும் முறை பெருவழக்காகப் பரவியது. நாளொன்றுக்குச் சில நூறு கலோரிகளில் மாதக்கணக்காக வாழ்ந்தவர்களில் ஐம்பதுக்கும் அதிகமானோரின் மரணங்கள் அந்நாட்டு அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டன. இதயத்துடிப்புச் சீர்குலைந்தே சிலர் திடீரென இறந்தனர். அதேவேளை, 2017 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவு நோயாளர் சிலருக்கு நாளொன்றுக்குச் சுமார் 830 கலோரி கொண்ட, முழுப்போசணையும் சேர்க்கப்பட்ட உணவு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வழங்கப்பட்டு, ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் தணிந்தமையும் உண்மையே. ஆயின் அவர்களுடைய மருந்துகள் முதல்நாளே திருத்தப்பட்டன; தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். அதைக் கேள்வியுற்று வீட்டில் தாமாகவே செய்துபார்ப்பது வேறு விடயம்.

நமது வாசகர்களில் நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் இந்த இடத்தை நிதானமாக வாசிக்கவேண்டும். இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை உணவு வந்தாலும் வராவிட்டாலும் குருதியில் சீனியைக் குறைக்கும். உணவை மட்டும் குறைத்து மருந்தை முன்னைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் என முடியலாம். மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தீர்வாகாது. உணவுத் திட்டம் தொடங்குமுன்னர் வைத்தியரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். குருதியமுக்கத்திற்கு மருந்து எடுப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரமழான் நோன்பு நாட்களிலும் கந்தசஷ்டி போன்ற விரத காலங்களிலும் எடைக்குறைப்புக்கான பற்றாக்குறையை மேலதிகமாகச் சேர்க்காதிருப்பதே புத்திசாலித்தனம். நோன்பாளி ஸஹரைத் தவிர்ப்பதோ, விரதகாரர் ஆறு நாட்களும் பழச்சாற்றில் கழிப்பதோ கலோரிக் கணக்கிற்குள் கொண்டுவரப்படவேண்டியவை அல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு அறவே பொருந்தாது.

இனி, 500 கலோரியை எங்கே குறைப்பது? நம்மவர்கள் முதலில் கைவைப்பது சோற்றில்தான். சோற்றின் அளவைக் குறைக்கவேண்டியவர்கள் உளர். 150 கிராம் அரிசியின் சோற்றில் மட்டும் 500 கலோரிக்கு மேல் உண்டு. ஆயினும் அதற்கு முன்னர் தேநீர்க் கோப்பையைப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 20 கலோரி உண்டு. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துபவர் 300 கலோரியைக் குடித்துவிடுகின்றார், பசி தீர்ந்தபாடுமில்லை. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி. பொரியலையும் வதக்கலையும் சற்றே மாற்றி நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டியை மிச்சம்பிடித்தால் 240. இரண்டும் சேர்ந்தால் 540. அந்த 42 வயதுப் பெண்மணி ஒரு பிடி சோற்றையும் விடாமல் தமது இலக்கை அடைந்துவிடுகின்றார். மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் வர்ண அடையாளம் 2016 ஆம் ஆண்டில் நமது நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு வட்டமுள்ள போத்தலை ஒதுக்குவதற்குக் கணிதம் எதுவும் வேண்டியதில்லை.

குறைக்கக்கூடாதது புரதமாகும். பருப்பு, பயறு, கடலை, முட்டை, நெத்தலி, மீன் ஆகியவற்றைச் சோற்றுடன் சேர்த்துக் குறைத்துவிட்டால் தசையே கரையும். பிள்ளைகள் மிச்சம்விட்டதை வீணாக்க மனமின்றி உண்டுவிட்டு, தமது தட்டில் மீன்துண்டை வைக்காத தாய்மார் பலர். எடையும் கூடி, குருதிச்சோகையும் வந்துசேர்வது இப்படித்தான். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது விலையேற்றத்தால் முட்டையையும் மீனையும் கைவிட்ட குடும்பங்களில் எடை குறைந்திருந்தால், அதை எவரும் ஆரோக்கியம் என அழைக்கமாட்டார்கள்.

இலக்கை ஒருமுறை நிர்ணயித்தபின் அப்படியே வைத்திருக்கவும் இயலாது. 72 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வந்த பெண்மணியின் நாளாந்தச் செலவு 1733 கலோரியாகக் குறைந்துவிடும். அதே 1345 கலோரியை உண்டாலும் பற்றாக்குறை 500 அன்று, 388 தான். எடை இறங்கும் வேகம் தளர்வது இதனாலேயே. இவ்விடத்தில் பலர் மனமுடைந்து உணவை மேலும் வெட்டுகின்றனர். வெட்டுவதைவிட நடப்பது மேலானது. அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 7 ஐக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியுமே இலக்காக வைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நீரிழிவு ஏற்படுவது நூற்றுக்கு 58 ஆல் குறைந்தது. 72 கிலோ உள்ளவருக்கு நூற்றுக்கு 7 என்பது ஐந்து கிலோதான்.

தலைசுற்றல், ஓயாத குளிர், கொத்தாக முடி உதிர்தல், மாதவிடாய் தவறுதல் ஆகியன தென்பட்டால் இலக்கு மிகத் தாழ்வாக உள்ளதென்று கொள்ளவேண்டும். வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் அதிகரிக்கும்; வலது விலாவின் கீழ் தோன்றும் கடும் வலியை வாய்வு எனத் தள்ளிவிடக்கூடாது. மறுபுறத்தில், முயற்சி எதுவுமின்றியே எடை குறைந்துகொண்டுபோனால் மகிழாமல் வைத்தியரை நாடவேண்டும். கட்டுப்பாடற்ற நீரிழிவும் காசநோயும் அவ்வாறே தம்மைக் காட்டிக்கொள்வதுண்டு. உயரம், எடை, குருதிச் சீனி ஆகியவற்றைச் சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாக அளந்துகொள்ளலாம். அங்கு கிடைக்கும் எண்களை வைத்துக்கொண்டு மேற்சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக் நாளன்று வைத்தியரிடம் காட்டலாம். அவருக்கிருக்கும் சில நிமிடங்கள் அதற்குப் போதுமானவை.