ஒரே வரிசையில் நிற்கும் உரிமை: கம்பம் பள்ளத்தாக்கின் ஆட்டக் கலைகளும் வளரிளம் பருவக் கல்வியும்

முல்லைப் பெரியாற்று நீர் 1895ஆம் ஆண்டில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டதிலிருந்து இருபோக நெல்லும் திராட்சையும் தென்னையும் செழிக்கும் நிலமாக மாறிய கம்பம் பள்ளத்தாக்கு, உழைப்பால் மட்டுமின்றி ஆட்டத்தாலும் நிறைந்த பகுதியாகும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா தொடங்கிச் சிற்றூர்களின் மாரியம்மன், முத்தாலம்மன் பொங்கல் வரை, தேனி மாவட்டத்தில் ஆட்டமில்லாத கோயில் கொடை அரிது. ஆயினும் அந்த ஆட்டங்களை யார் ஆடலாம், யார் கொட்டலாம், யார் நின்று பார்க்கலாம் என்பதை நெடுங்காலமாகப் பிறப்பே முடிவு செய்து வந்திருக்கிறது. பிறப்பின் பெயரால் ஒருவருக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பையும் மதிப்பையும் திரும்பப் பெற்றுத் தருவதே சமூக நீதி என்றால், பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிப்பது பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடாமல் அந்த நீதியின் ஒரு கூறாகவே அமைகிறது.

இப்பகுதியின் ஆட்டங்களைச் சற்று உற்று நோக்கினால் இது தெளிவாகும். போடிநாயக்கனூர்ச் சமீனைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் இராசகம்பளத்து நாயக்கர் சமூகத்தினரின் தேவராட்டம், தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் ஒலிக்கு ஏற்பப் பாட்டின்றி ஆடப்படுவதாகும். மரபில் அதை ஆடியவர்கள் அச்சமூகத்தின் ஆண்களே. ஒயிலாட்டத்தில் கையில் வண்ணத் துணியும் காலில் சலங்கையும் கொண்ட ஆண்கள் வரிசையாக நின்று, வாத்தியார் எடுத்துக் கொடுக்கும் பாட்டுக்கு அடவு மாற்றி மாற்றி ஆடுவர். வேளாண் சமூகங்களின் திருவிழாக் கலையாக அது வளர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களில் வாழும் பளியர் பழங்குடியினருக்கு அவர்களுக்கே உரிய ஆட்டமும் இசையும் உண்டு. ஊர்ப் பெண்களுக்கு எஞ்சியது கும்மியும் குலவையும்தான். பறை அடிக்கும் பொறுப்போ, ஊரின் ஒதுக்குப்புறத்தில் குடிவைக்கப்பட்ட பட்டியல் சாதியினர் மீது கடமையாகச் சுமத்தப்பட்டது.

பறையின் வரலாறு இங்கு விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. அதாவது அந்தக் காலத்தில் பறை எந்த ஒரு குடியின் இழிவுக்கும் அடையாளமாக இருக்கவில்லை. பிற்காலத்தில் சாவு வீட்டில் அடிக்கும் கட்டாய ஊழியத்தோடும் மாட்டுத்தோலைப் பற்றிய தீட்டுக் கருத்தோடும் பிணைக்கப்பட்டு, கருவியும் அதை ஏந்தியவரும் ஒருசேர இழிவுக்கு ஆளாயினர். வட்டமான மரச்சட்டத்தின் மீது பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சி ஒலியை ஏற்றும் இக்கருவியை, அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரு குச்சிகளால் தோளில் மாட்டிய நிலையில் அடித்துக்கொண்டே ஆட வேண்டும். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி என அடிவகைகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளக்கட்டும் அதற்கேற்ற காலடிகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்றால்தான் கைவரும் இந்தக் கல்வியை, கற்றவருக்குக் கூலியையும் மதிப்பையும் மறுத்துக்கொண்டே ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்தது என்பதுதான் இதிலுள்ள அநீதி.

இதற்கு எதிர்வினை இரு வகையாக எழுந்தது. பல ஊர்களில் பட்டியல் சாதி இளைஞர்கள் இனிப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்தனர். கட்டாய ஊழியத்தை முறிக்க அந்த மறுப்பு இன்றியமையாததாக இருந்தது. மற்றொரு சாரார், இழிவு கருவியில் இல்லை, அதைச் சுற்றிக் கட்டப்பட்ட உறவில்தான் இருக்கிறது என்று கருதி, பறையை ஊழியத்திலிருந்து பிரித்து விடுதலைக் கலையாக மேடையேற்றினர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி இவ்விரண்டாம் போக்கின் முக்கியமான களங்களுள் ஒன்றாயிற்று. ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940–2005) அங்கே நாட்டார் இசையை ஒடுக்கப்பட்டோரின் இறையியல் மொழியாகக் கற்பித்தார்.

தேனிக்கு அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியர் சந்திராவும் பெல்சியும் வளர்த்தெடுத்த சக்தி நாட்டுப்புறக் கலை மையம், இந்தப் போக்கை ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஆண்கள் மட்டுமே ஏந்திய பறையை, படிப்பு இடையில் நின்றுபோன பட்டியல் சாதி இளம்பெண்களின் தோளில் அது மாட்டியது. சாதித் தடை, பால் தடை ஆகிய இரண்டையும் ஒரே செயலால் உடைத்த முயற்சி அது. அங்கு வந்து தங்கிப் பயிலும் பெண்கள் பறையோடு ஒயிலாட்டம், கரகாட்டம், கும்மி போன்றவற்றையும் கற்பதுடன், தங்கள் வாழ்நிலையைக் குறித்துக் கூடிப் பேசவும் ஒரு தொழிலைப் பழகவும் வாய்ப்புப் பெறுகின்றனர். அமெரிக்க இனவரைவிசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இம்மையத்தைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்துள்ளார்.

பருவமடைந்த நாள்முதல் குனிந்து நட, காலைச் சேர்த்து உட்கார், சத்தமாகப் பேசாதே என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு பெண்பிள்ளை, பறையை ஏந்தும்போது காலை அகற்றி ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, எதிரே இருப்போரை நேராகப் பார்த்து, ஊரே கேட்க ஒலி எழுப்ப வேண்டியவளாகிறாள். இந்த நிலையை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தர முடியாது. உடலால் பயின்றுதான் பெற முடியும். மேடைக்கு முன்னரே, பயிற்சியின் முதல் வாரத்திலேயே கிடைக்கும் இந்த மாற்றம் கைதட்டலைவிட மதிப்புடையது என்பதை ஆட்டக் கல்வியைத் திட்டமிடுவோர் மறக்கலாகாது.

கல்வி பல பருவத்தினருக்கும் பொதுவாயிருக்க, பதின்பருவத்தை மட்டும் தனித்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அதற்கு மேல் பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பது குடும்பத்தின் வசதியையும் மனத்தையும் பொறுத்ததாகிறது. சரியாக அந்த வயதில்தான் பெண்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு எழுகிறது. பெண்ணுக்கு 18 வயது நிரம்பாத திருமணத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும் அப்பேச்சு முழுமையாக ஓயவில்லை. அந்த வயதில்தான் நூற்பாலைத் தரகர்கள் தென்மாவட்ட ஊர்களுக்கு வந்து, மூன்றாண்டு வேலைக்குப் பின் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி வளரிளம் பெண்களை அழைத்துச் சென்ற ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் கொடுமையும் நிகழ்ந்தது. ஆண்பிள்ளையின் கையில் சாதிக்கயிறு ஏறுவதும் ஏறத்தாழ இதே வயதில்தான்.

அதே வயது கலைக்கும் வாசலாக இருக்க முடியும் என்பதற்குச் சான்று இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. உத்தமபாளையம் பகுதியைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன், பொதுவுடைமை இயக்க மேடைகளில் உழைப்பாளர் பாட்டுகளைப் பாடி ஊர் ஊராகச் சென்றவர். மலையேறித் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் அவர் பாடினார். அவருடைய குழுவில் அவர் தம்பி இளையராஜா சேர்ந்தது 14 வயதில்தான். ஆட்டமாக இல்லாமல் பாட்டாக இருந்தாலும், ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஒன்று கலையின் வழியே ஊர் எல்லையைக் கடந்த நிகழ்வு அது. அந்தப் பிள்ளைக்கு வாய்த்த அண்ணன் எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை. அந்த அண்ணனின் இடத்தில் பள்ளிதான் நிற்க வேண்டும்.

பள்ளியோ சாதிக்கு அப்பாற்பட்ட இடமாக இன்னும் முழுமையாக மாறவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மூன்று மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்னும் தனிவகை அரசுப் பள்ளிகள் இயங்குகின்றன. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகம் முழுவதையும் ஆங்கிலேய அரசு குற்றவாளியாகப் பதிவு செய்து, அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்திய காலத்தின் எச்சம் அவை. பல ஊர்களில் அடுத்த தெருவிலேயே ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இருக்கும். இரண்டும் பெரும் நன்மை செய்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே ஊரின் பிள்ளைகள் சமூகப் பெயர் தாங்கிய வெவ்வேறு வளாகங்களில் வளர்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கி அனைத்தையும் பொதுவான அரசுப் பள்ளிகளாக்கவும், சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது.

பெயரை மாற்ற ஆணை போதும். பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கும் பார்வையை மாற்ற ஆணை போதாது. ஆட்டக் கல்வி உதவக்கூடிய இடம் இதுவே. ஒயிலாட்ட வரிசையில் ஒருவன் ஓரடி பிந்தினாலும் வரிசை முழுவதும் குலையும். ஆகவே அருகில் இருப்பவனின் மூச்சையும் காலையும் கவனித்தே ஒவ்வொருவனும் ஆட வேண்டியிருக்கிறது. கோலாட்டத்தில் எதிரே நிற்பவரின் கோலைத் தட்டாமல் ஆட்டமே இல்லை. தொடுதலை மறுப்பதில் உயிர்வாழும் ஒரு முறைமைக்கு எதிராக, தொட்டும் தட்டியும் சேர்ந்தும் நிற்பதை அன்றாடப் பழக்கமாக்குவது சிறிய செயல் அன்று. பறையின் சாமிச்சாட்டு அடியைத் தேவராட்டக் குடும்பத்துப் பையனும், தேவராட்டத்தின் அடவைப் பட்டியல் சாதிப் பெண்ணும், பளியர் ஆட்டத்தை இருவரும் ஒரே ஆண்டில் கற்பார்களாயின், கலைக்குச் சாதி வேலி கிடையாது என்பதை அவர்களுக்கு யாரும் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

இத்தகைய முயற்சிகள் வேறிடங்களிலும் பயன் தந்துள்ளன. கொல்கத்தாவில் சோகினி சக்கரவர்த்தி 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சன்வேத்’ அமைப்பு, கடத்தலுக்கும் வன்முறைக்கும் ஆளான இளம்பெண்களுக்கு ஆட்டத்தின் வழியே தம் உடலைத் தமதாக மீண்டும் உணரக் கற்றுத்தருகிறது. அங்கே பயின்றவர்கள் பிறகு பயிற்றுநர்களாகவும் ஆகின்றனர். கொங்கு நாட்டில் ஆண்கள் ஆடிய வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த மேட்டுப்பாளையத்துப் பத்ரப்பன், 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மதுரையில் பிறந்து, திருநங்கை என்பதால் இளம் வயதிலேயே வீட்டை இழந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019இல் அதே விருதைப் பெற்றார். ஓர் ஆசான் மனம் திறந்து ஏற்றுக்கொண்டால் சமூகம் விலக்கிய பிள்ளை எவ்வளவு உயர முடியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கலை மதிப்புப் பெறும்போது, அதைக் காத்தவர்கள் கைவிடப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. சதிர் பரதநாட்டியமாகி மேன்மக்கள் மேடைக்கு வந்தபோது, அதைத் தலைமுறைகளாகப் பேணிய இசைவேளாளர் பெண்கள் பெரும்பாலும் அந்த மேடைக்கு வெளியே நின்றார்கள். பறைக்கும் அது நேரக்கூடாது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது பெருமைக்குரியது. ஆயினும் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் பறையும் தவிலும் உறுமியும் அறிந்த முதியவர்கள் பலர் திருவிழாக் காலம் முடிந்தால் கூலி வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களை வாத்தியார் என்று அழைத்து, மற்ற ஆசிரியர்களோடு சமமாக நாற்காலியில் அமர்த்தி, மாதச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்குள் கொண்டுவருவதே நீதியின் முதற்படி. சான்றிதழ் இல்லை என்ற காரணத்தைக் காட்டி அவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அவர்களிடம் இரண்டு மாதம் பயின்ற ஒருவரைப் பயிற்றுநராக அமர்த்தினால் பழைய அநீதியே புதிய வடிவில் தொடரும்.

அரசு இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022–23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்களுக்குக் ‘கலைத்திருவிழா’ நடத்தப்பட்டு, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் நிலைகளில் நாட்டுப்புற ஆட்டங்களும் போட்டிகளாக இடம்பெறுகின்றன. ஆனால் போட்டிக்கு முந்தைய சில வாரங்களில், நன்றாக ஆடக்கூடிய சிலரைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவது கல்வியாகாது. கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்குத்தான் ஆட்டம் அதிகம் தேவைப்படுகிறது. 2012ஆம் ஆண்டில் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்காகக் குறைந்த தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். நடனத்துக்கென ஆசிரியர் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இன்றும் இல்லை.

நேரமும் ஒரு நீதிப் பிரச்சினையே. கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தாய், பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறாள். அதுவரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் உலை வைப்பதும் மூத்த பெண்பிள்ளையின் வேலை. பள்ளி விட்ட பிறகு பயிற்சி வைத்தால் முதலில் விடுபடுபவள் அவளே. யாருக்காக இந்தக் கல்வி வேண்டும் என்று சொல்லப்படுகிறதோ அவளை விலக்கும் திட்டம் நல்ல திட்டமாக இருக்க முடியாது. ஆகவே தேனி மாவட்டத்துப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம் என்ற வேறுபாடின்றி, வாரத்தில் இரண்டு பாடவேளைகளையேனும் பள்ளி நேரத்துக்குள் ஆட்டத்துக்கு ஒதுக்கி, உள்ளூர் ஆசான்களை முறையான ஊதியத்தில் அமர்த்தி, அடுத்தடுத்த பள்ளிகளின் பிள்ளைகளைச் சேர்த்தே பயில வைக்க வேண்டும். பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் இக்கோரிக்கையை வரும் கல்வியாண்டுக்கு முன்பே தீர்மானமாக நிறைவேற்றிக் கல்வித்துறைக்கு அனுப்ப வேண்டும்.