கொம்பின் உரமும் சாரதியின் கையும்

கொம்புமுறி விளையாட்டில் கொம்பை முறிப்பது யார்? இழுப்பவர்கள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்த இந்த விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த, வைரம் பாய்ந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கோத்து வடம் பூட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வசைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு வீடு போகவேண்டியதுதான். ஆனால் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் மூச்சைப் பிடித்து இழுத்தாலும், கோத்த இரண்டு கொம்பிலும் விழும் இழுவிசை ஒன்றுதான். முறிவது உரம் குறைந்த கொம்பு. காட்டில் மரம் பார்த்து வெட்டியவனின் கண்ணும் கத்தியும் பாதி முடிவை முன்னரே எழுதிவிடுகின்றன. இழுப்பவர்கள் அதை ஊரறியச் செய்கிறார்கள்.

இன்று கொம்புமுறி அரிது. தேத்தாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் என்ற கோயிற்பெயரில் அதன் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்றாலும் போர்மியுலா 1 கார்ப் பந்தய ரசிகர்கள் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் நடத்தும் வாதங்களைக் கேட்டால் வடசேரியும் தென்சேரியும் ஞாபகத்துக்கு வராமல் போகா. வேர்ஸ்டப்பனா நொரிஸா, ஹமில்டனுக்கு இன்னொரு பட்டம் மிச்சம் இருக்கிறதா என்று சாரதிகளில் தொடங்கும் பேச்சு, ஃபெராரி இம்முறையாவது எழும்புமா என்று அணிகளுக்குப் போகும். எல்லோரும் களைத்த பிறகுதான் விதிகளைத் தொடும். 2025இல் நொரிஸ் 423 புள்ளிகளோடு பட்டம் வெல்ல, வேர்ஸ்டப்பன் 421இல் நின்றார். அந்த இரண்டு புள்ளியை வைத்தே ஒரு மாரிகாலம் முழுக்கப் பேசலாம். விதி மாறாத ஆண்டில் இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் எஞ்சின், உடற்கட்டு, எரிபொருள், டயர் எல்லாம் ஒரே நேரத்தில் மாறும் 2026 போன்ற ஓர் ஆண்டில் முதலில் விதியையும் அடுத்து அணியையும் கடைசியில் சாரதியையும் பேசுவதே கணக்குக்கு ஒத்துவரும். இக்கட்டுரையின் கட்சி அதுதான்.

தமிழருக்கு நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, போர்மியுலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அங்கே அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் ஐந்து. ஐந்தும் ஒரே நாளில், 2005 ஜூன் 19ஆந் திகதி இண்டியானபொலிஸில், நான்காம் இடத்துக்குக் கிடைத்தவை. அந்த ஆண்டின் புதிய விதிப்படி தகுதிகாண் சுற்றையும் முழுப் பந்தயத்தையும் ஒரே டயர்த் தொகுதியில் ஓடி முடிக்க வேண்டும். இண்டியானபொலிஸின் சரிந்துயர்ந்த வேக வளைவை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. கார்த்திகேயனின் திறமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அவரைப் புள்ளிக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியது விதி என்பதே செய்தி. அதே விதியின் மறுபக்கம் இன்னும் சுவையானது. 2004இல் 18 பந்தயங்களில் 15ஐ வென்ற ஃபெராரி, 2005 முழுவதும் வென்றது ஆறு கார் ஓடிய அந்த ஒரு பந்தயத்தை மட்டுமே. 2006இல் டயர் மாற்றும் அனுமதி திரும்பி வந்தது, ஃபெராரி ஒன்பது பந்தயங்களை வென்றது. ஃபெராரியின் சாரதி மைக்கேல் ஷூமாக்கர் இடையில் ஓராண்டு கார் ஓட்ட மறந்துபோயிருந்தார் என்று எவரும் சொல்லப்போவதில்லை.

ஒற்றைச் சம்பவம் போதாது என்பவர்களுக்கு 2009ஐக் காட்டலாம். முந்திய ஆண்டின் முடிவில் ஹொண்டா கைவிட்ட அணியை ரொஸ் பிரோன் பொறுப்பேற்றார். காற்றியக்க விதிகள் புதிதாக எழுதப்பட்ட ஆண்டு அது. காரின் அடியால் போகும் காற்றைப் பின்புறத்தில் வெளியேற்றும் பகுதி பற்றிய விதியில் ஓர் ஓட்டை இருந்தது. பிரோன், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் அதைக் கண்டுபிடித்தன; மற்றவை முறைப்பாடு செய்தும் எடுபடவில்லை. 2008 முழுவதும் மூன்றே புள்ளி எடுத்த பிரோன் அணிச் சாரதி ஜென்சன் பட்டன், 2009இன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்று உலக சம்பியன் ஆனார். 2014 இதன் எதிர்முகம். 2013இன் கடைசி ஒன்பது பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்ற செபஸ்தியன் வெட்டல், எஞ்சின் விதி மாறிய மறு ஆண்டில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. வி8 எஞ்சின் போய், மின்மோட்டர் சேர்ந்த 1.6 லீற்றர் வி6 எஞ்சின் வந்திருந்தது. அதை முன்கூட்டியே ஆழ்ந்து படித்த மெர்சிடிஸ் அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 16ஐ வென்றது. 2021 வரை எட்டு ஆண்டுகள் அணிப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சாரதிப் பக்கத்து ரசிகர்களிடம் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அதே 2014இல் வெட்டலின் அதே ரெட் புல் காரில் டானியல் ரிக்கியார்டோ மூன்று பந்தயங்களை வென்றாரே? 2024இல் வேர்ஸ்டப்பன் உலக சம்பியனாக, அதே அணியின் பேரெஸ் எட்டாம் இடத்தில் கிடந்தாரே? உண்மை. ஒரே கொம்பைப் பிடித்த இருவரில் கெட்டிக்காரன் யார் என்பதை இந்தக் கணக்கு காட்டும். ஆனால் ரிக்கியார்டோவின் மூன்று வெற்றிகளையும் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். கனடாவில் இரண்டு மெர்சிடிஸ் கார்களும் பழுதாயின. ஹங்கேரியில் அப்போது மெர்சிடிஸில் இருந்த ஹமில்டன் கடைசியில் இருந்து தொடங்கினார். பெல்ஜியத்தில் ஹமில்டனும் அவருடைய அணித்தோழர் ரொஸ்பேர்க்கும் தமக்குள் மோதிக்கொண்டார்கள். புதிய விதியில் முந்திய மெர்சிடிஸ் தடுமாறித் திறந்துவிட்ட வாசலில்தான் திறமை நுழைய முடிந்தது. மறுபக்கம் 2025இன் இரண்டு புள்ளி இடைவெளியையும் கவனிக்கலாம். 2022இல் வந்த விதிகளோடு நான்கு ஆண்டு பழகியதில் அணிகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. கொம்புகள் சமமான உரத்துக்கு வந்தபின் இழுப்பவனின் கை பேசத் தொடங்குகிறது. சாரதி வாதம் 2025க்குப் பொருந்தும். அதை அப்படியே 2026க்குத் தூக்கிவருவதில்தான் தவறு.

சரி, 2026இல் மாறியது என்ன? மின்மோட்டரின் வலு 120 கிலோவாட்டில் இருந்து 350ஆக உயர்ந்திருக்கிறது. எரிபொருளில் ஓடும் எஞ்சினின் வலு ஏறக்குறைய 400 கிலோவாட்டுக்கு இறங்கியிருக்கிறது. காரைத் தள்ளும் வலுவில் கிட்டத்தட்ட பாதி இனி மின்சாரம். மின்கலத்தில் ஒரு தடவையில் எடுக்கக்கூடிய சக்தியோ 4 மெகாஜூல்தான். முழு வலுவில் கொட்டினால் பதினொரு வினாடி சொச்சத்தில் வற்றிவிடும். புகையின் வெப்பத்தில் இருந்து மின்சாரம் எடுத்துவந்த கருவியையும் விதி நீக்கிவிட்டதால், பிரேக் பிடிக்கும்போதும் வளைவுகளிலும் சேமித்துத்தான் நேர்பாதையில் செலவழிக்கவேண்டும். குடும்பச் செலவுக் கணக்கு மாதிரித்தான்: எங்கே சிக்கனம், எங்கே தாராளம் என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்கவேண்டும், அதில் பெரும்பகுதியை எடுப்பது காரில் இருக்கும் கணினி நிரல். இதோடு கார் 10 சென்ரிமீற்றர் ஒடுங்கி, ஆகக்குறைந்த எடை 30 கிலோ அளவு குறைந்து 768 கிலோவாகிறது. நேர்பாதையில் முன்பின் சிறகுகள் இரண்டும் படுத்துக்கொடுக்கும், வளைவில் நிமிரும். எரிபொருள் முழுவதும் பூமியைத் தோண்டி எடுக்காத வகை. எஞ்சின் செய்பவர்களும் மாறிவிட்டார்கள்: ரெனோ விலக, ஔடி நுழைகிறது, ரெட் புல் ஃபோர்ட்டோடு சேர்ந்து தானே செய்கிறது, ஹொண்டா அஸ்டன் மார்ட்டினுக்குப் போகிறது. 2025இல் இரண்டு பட்டங்களையும் வென்ற மக்லரன் மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கும் அணி என்பதையும் நொரிஸ் ரசிகர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாம் ஆய்வுகூடத்திலேயே தீர்மானமாகிறது என்றால், பருவத்துக்கு முன் விவாதிப்பது வீண்வேலைதானே என்று கேட்கலாம். வீணாவது தவறான ஆதாரத்தை வைத்து விவாதிக்கும்போதுதான். பரிசோதனை ஓட்டங்களின் நேரப்பட்டியல் அப்படியான ஆதாரம். பத்துக் கிலோ எரிபொருள் கூடினாலே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி போய்விடும், எந்த அணி எவ்வளவு நிரப்பி ஓடுகிறது என்பதை வெளியே சொல்லாது. அந்தப் பட்டியலில் முதலிடம் கண்டு வெடி கொளுத்துவது, வேட்பாளரின் பொதுக்கூட்டத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணி வாக்குக் கணிப்பதற்குச் சமம். விதிப்புத்தகம் அப்படியல்ல, அது எவரும் வாசிக்கக்கூடிய பகிரங்க ஆவணம். எஞ்சினின் அமுக்க விகிதம் 18இல் இருந்து 16க்குக் குறைக்கப்பட்டு, அதை எஞ்சின் ஆறியிருக்கும் நிலையில் அளப்பது என்று எழுதப்பட்டபோது, சூடேறி ஓடும்போது விகிதம் கூடினால் என்ன என்ற கேள்வி முதற்பந்தயத்துக்கு முன்னரே சர்ச்சையானது. 2009இன் ஓட்டையைப் போல இதுவும் வெற்றியைத் தீர்மானிக்குமா என்பது வேறு விடயம். விதியின் சொல்லை வைத்துப் பேசினால் சாதாரண ரசிகரும் பொறியியலாளர் கேட்கும் கேள்வியையே கேட்கமுடியும்.

புதிய விதிகளால் பந்தயம் கெட்டுப்போகும் என்ற முறைப்பாடும் உண்டு. வேர்ஸ்டப்பனே 2023இல் இந்தத் திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். மின்சாரம் மிச்சம்பிடிக்க நேர்பாதையில் வேகத்தை விட்டுக்கொடுப்பது பந்தயத்தின் இயல்புக்கு ஒவ்வாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் ரசிகரின் வெறுப்பு மட்டும் ஒரு விதி கெட்டது என்பதற்குச் சான்றாகாது. 2018இல் சாரதியின் தலைக்கு மேலே காப்பு வளையம் வந்தபோது அதன் அவலட்சணத்தைப் பற்றியே பேசினார்கள், எதிர்த்தவர்களில் ரொமான் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரெய்னில் அவருடைய கார் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்தபோது அவர் உயிரோடு வெளியே வந்தது அந்த வளையத்தால்தான். தன் கருத்தை அவர் மாற்றிக்கொண்டார்.

பந்தயப் பாதுகாப்பு விதிகளை இலங்கையில் பேசும்போது தியத்தலாவையைக் கடந்துபோக முடியாது. செங்கலடிச் சந்தியில் பிரியும் ஏ5 வீதி பதுளைக்கு ஏறுகிறது; அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது தியத்தலாவை. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி, ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் அங்கே நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் நின்றவர்கள் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், ஒருவர் எட்டு வயதுப் பிள்ளை. பார்ப்பவர் எங்கே நிற்கலாம், இடையில் எத்தகைய தடுப்பு இருக்கவேண்டும் என்பதும் பந்தய விதிதான். பருவத்துக்கு முந்திய வாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. வசைப்பாட்டுக்கு அதில் இடமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

2026இன் முதற்பந்தயம் மார்ச் 8ஆந் திகதி மெல்பேர்னில். எங்கள் நேரப்படி ஞாயிறு காலை 9.30. யார் முன்னே போகிறார் என்பதைத் தொலைக்காட்சி தானாகவே சொல்லிக்கொண்டிருக்கும். நேர்பாதையின் கடைசி நூறு மீற்றரில் கண் வைத்தால் வேறொன்று தெரியும்: எந்தக் காரின் வேகம் வளைவு வரை தாங்குகிறது, எந்தக் காரின் வேகம் மின்கலம் வற்றி முன்னரே சரியத் தொடங்குகிறது என்று. உள்ளே இருப்பவரின் பெயரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.