சங்கீதம் 119: எபிரேய எழுத்து வரிசையும் அடிமோனையும்

மதுரை வட்டாரக் கிறித்தவ இல்லங்களில் விவிலியத்தை நாள்தோறும் வரிசையாக வாசிப்போர், 119ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் முதலிய தலைப்புகளைக் காண்பர். பொருள் விளங்காமையால் அவற்றைக் கடந்து செல்வோரும் உளர். இவை எபிரேய நெடுங்கணக்கின் எழுத்துப் பெயர்கள். 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு 8 வசனங்களாக 176 வசனங்கள் அமைந்துள்ளன. ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் மூலத்தில் அப்பகுதிக்குரிய எழுத்திலேயே தொடங்குகின்றன.

அகர வரிசையில் நூல் யாக்கும் மரபு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் வாயிலாகத் தமிழுக்குப் பழக்கமானதே. ஆனால் அங்கு ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஓரடியே உண்டு. எபிரேயப் பாடலில் ஒரே எழுத்து எட்டு முறை தொடர்வதால், வரிசையோடு நம் யாப்பியலார் அடிமோனை என்பதும் சேர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் தொடை மறைந்தது; தலைப்பு மட்டும் எஞ்சியது. இப்பாடல் கூறியது கூறலாகத் தோன்றுவதற்கு இவ்விழப்பே முதன்மைக் காரணம் என்பது கட்டுரையாளர் கருத்து.

வாசிப்பு முறை ஒன்று இவ்வமைப்பைக் காத்துள்ளது. 150 சங்கீதங்களையும் 30 நாள்களுக்குக் காலை, மாலை எனப் பகுக்கும் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூல், இப்பாடலை 24ஆம் நாள் மாலை முதல் 26ஆம் நாள் மாலை வரை முறையே 32, 40, 32, 40, 32 வசனங்களாக வகுக்கிறது. அனைத்தும் எட்டின் மடங்குகள். எப்பகுதியும் இடையில் முறிவதில்லை. நாளுக்கு இருபது வசனம் எனத் தாமே அளவிட்டுக்கொள்வோர் முதல் நாளிலேயே கிமெல் பகுதியின் நடுவில் நிறுத்த நேரும்.