இடக்கை வேட்டைக்காரரும் இலகுவான கட்டையும்

குழந்தை இடக்கையை நீட்டினால், "வலக்கையால் வாங்கு" என்று அதட்டுவது நம் பெரியோர்களின் வழக்கம். துப்பாக்கி செய்யும் மேல்நாட்டாரும் வெகுகாலம் இப்பெரியோர்களைப் போலவே இருந்தார்கள் என்றால் நேயர்கள் வியப்படையலாம். வேட்டை ரைபிளின் தாழ்ப்பிடி வலப்புறம். வெற்றுத் தோட்டா வெளிவரும் வாயில் வலப்புறம். கன்னம் சாயும் மேடை மட்டும் இடப்புறம். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இவை அனைத்தும் தலைகீழ். தோட்டா வெடித்துப் பிளந்தால் கொதிக்கும் வாயு அவர் முகத்தருகிலேயே சீறும். 1958-ல் அமெரிக்காவின் ஸாவேஜ் கம்பெனியார் '110' என்ற ரைபிளை வெளியிட்டு, மறு ஆண்டு அதையே இடக்கைக்காரருக்கும் செய்து கொடுத்தது பெரிய உபகாரம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை ஏறக்குறைய முடிந்துவிட்ட கதை. அமெரிக்காவின் ராக்கி மலைகளிலோ, அரசாங்க அநுமதிச் சீட்டுடன், குறித்த பருவத்தில், 'எல்க்' என்னும் பெரிய மானைத் தேடி 10,000 அடி உயரம்கூட ஏறுகிறார்கள். அங்கே மூச்சு வாங்கும்போது தோளிலுள்ள ஒவ்வொரு ராத்தலும் கனக்கும். குழலும் தாழும் எஃகு. அவற்றில் அதிகமாகக் குறைக்க இயலாது. ஆகவே கட்டையின் மீதே கண் செல்கிறது.

பழைய முறைப்படி அக்ரூட் மரத்தில் கடைந்த கட்டை ஏறத்தாழ 2 முதல் 2½ ராத்தல் இருக்கும். பார்வைக்கு அழகு, ஆனால் ஈரத்தில் மரம் ஊதிக் குழலை நெருக்கினால் குண்டு விழும் இடமே மாறிவிடும். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கட்டை ஸ்திரமானது. எடையோ இன்னும் அதிகம். அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் ஈரத்துக்கு அஞ்சாது; எனினும் எடை பெரிதாகக் குறையாது, முன்பகுதியும் வளைந்து கொடுக்கும். கெவ்லார், கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துக் கையால் அடுக்கிச் செய்யும் கட்டைகளே உண்மையில் இலகுவானவை. சில, ஒரு ராத்தல் அளவிலேயே அடங்குகின்றன. விலைதான் கையைக் கடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'இடக்கைக் கட்டை' என்ற பெயரில் இரு வகை உண்டு. தாழும் வாயிலும் இடப்புறம் அமைந்த ரைபிளுக்கென்று வெட்டியது ஒன்று. வலக்கை ரைபிளுக்கே பொருந்துமாறு வெட்டி, கன்ன மேடையை மட்டும் வலப்புறம் மாற்றியது மற்றொன்று. தம்மிடம் உள்ள ரைபிள் எது என்று பாராமல் வாங்குகிறவருக்குப் பணம் வீண். மேடையே இல்லாத நேரான கட்டை இரு தோளுக்கும் பொருந்தும். வாங்குமுன் எந்தக் கண் வலியது என்றும் சோதிக்க வேண்டும். இரு கைகளாலும் சிறு இடைவெளி அமைத்துத் தூரத்துப் பொருளை அதனூடே நோக்கி, கண்களை மாறி மாறி மூடினால், பொருளை நழுவ விடாத கண்ணே தலைமைக் கண். கை இடதாகவும் கண் வலதாகவும் உள்ளவர்கள் பலர்.

எடை குறைந்தால் உதைப்பு மிகும். இது பௌதிக விதி. பேரம் பேச இடமில்லை. 8 ராத்தல் ரைபிளை 6 ராத்தலாக்கினால், அதே தோட்டா மூன்றில் ஒரு பங்கு அதிக ஆற்றலுடன் தோளைத் தாக்கும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுகிறவர் குறி தவறுவார். ஆகவே மேல்விளிம்பு நேராகவும் முட்டுப் பகுதி அகலமாகவும் இருந்து, நல்ல ரப்பர் மெத்தையும் அமைந்த கட்டையே தக்கது. கனத்த குளிர் உடைக்கு மேல் வைத்துச் சுடுவதால் நீளம் சற்றுக் குறைந்திருப்பது சௌகரியம். அடிக்கட்டை மிக இலேசானால் குழல்முனை தாழும். கையில் ஏந்திப் பார்த்தே சமநிலையை அறிய வேண்டும். உலோகம் பதியும் இடத்தில் எபாக்ஸிப் பசை வார்த்து, அது அசையாமல் செய்வதும் இன்றியமையாதது.

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு கட்டைக்காகவா என்று சிலர் நகைக்கலாம். பொருந்தாத கட்டையால் குண்டு ஒரு சாண் விலகினாலும், மான் உடனே வீழாது. காயத்துடன் பனியில் ஓடி, எங்கோ மறைவில் நெடுநேரம் துடித்துச் சாகும். மலையேற்றத்தில் கால் ராத்தல் மிச்சப்படுத்துவது பெரிதல்ல. முதற்குண்டு தவறாமல் செல்லும் கட்டையையே தேர்வது, வேட்டையாடுகிறவர் அந்தப் பிராணிக்குச் செலுத்த வேண்டிய கடன் என்று நாம் கருதுகிறோம்.