கூலன்ற்: நிறத்தைப் பார்த்து ஊற்றலாமா?

குளிர்காலம் நெருங்கும்போது எம்மவர்கள் மறக்காமல் செய்கிற வேலை ரயர் மாற்றுவது. பொனற்றைத் திறந்து கூலன்ற் எந்த மட்டத்தில் நிற்கிறது, அது எந்த வகை என்று பார்ப்பவர்கள் குறைவு. குறைந்திருப்பது தெரிந்தால், 'உள்ளே இருப்பதும் பச்சை, இதுவும் பச்சை' என்று கடையில் மலிவாகக் கிடைத்த ஒரு போத்தலை வாங்கி ஊற்றிவிடுகிறவர்கள் பலர். இரவு வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் ஒரே காரை நம்பியிருக்கும் வீட்டில், எஞ்சின் சூடேறி ஹெட் கஸ்கற் போய்விட்டால் அந்த மாதத்துச் சம்பளமே கராஜுக்குப் போய்விடும்.

ஊரில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்குக் கிணற்றுத் தண்ணீரே போதுமாக இருந்தது. அவற்றின் எஞ்சின் வார்ப்பிரும்பு. உறைபனி என்பதே அங்கு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் ரேடியேற்றருக்குள் படிவு கட்டினாலும், கழற்றிக் கழுவிப் பூட்ட மெக்கானிக்மார் இருந்தார்கள். இன்று நாம் ஓட்டும் கார்களில் அலுமினியம், பிளாஸ்ரிக், றப்பர், மெல்லிய குழாய்கள் எல்லாம் ஒரே திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. 'தண்ணி விட்டால் போதும்' என்ற பழைய அறிவுரை இங்கு பொருந்தாது.

கூலன்றுக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, உறையாமல் இருப்பது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருமனில் கூடும். அந்த விசைக்கு எஞ்சின் புளொக்கே வெடிக்கலாம். இரண்டாவது, எளிதில் கொதிக்காமல் இருப்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் உலோகங்கள் அரிக்காமல் காப்பது. முதல் இரண்டையும் பெரும்பாலும் எதிலீன் கிளைகோல் பார்த்துக்கொள்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் அது ஏறத்தாழ மைனஸ் 37 பாகை செல்சியஸ் வரை தாங்கும். 'அப்படியென்றால் தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே' என்று நினைக்கக்கூடாது. தனிக் கிளைகோல் மைனஸ் 13 பாகை அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது தண்ணீரைவிடக் குறைந்தது. ஆகவே 50 வீதம் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். கடுங்குளிர்ப் பகுதிகளில் 60 வீதம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வகைகள் பிரிவது மூன்றாவது வேலையில்தான். அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் இரசாயனங்கள் எல்லாக் கூலன்றிலும் ஒன்றல்ல. பழைய பச்சைக் கூலன்றில் இருந்த சிலிக்கேற், பொஸ்பேற் உப்புகள் விரைவாக வேலை செய்யும், விரைவாகத் தீர்ந்தும் போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் கரிம அமிலங்களைக் கொண்ட செம்மஞ்சள் நிறக் கூலன்றைக் கொண்டுவந்தது. இதன் ஆயுள் அதிகம். பின்னர் இரண்டு முறைகளையும் கலந்த வகைகள் வந்தன.

இங்கே ஐரோப்பாவும் ஜப்பானும் வெவ்வேறு வழியில் போயின. ஐரோப்பாவின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் கடினநீர். இலண்டனில் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காதவர்கள் இல்லை. அத்தகைய தண்ணீரில் பொஸ்பேற் சேர்ந்தால் படிவு உண்டாகும் என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் பொஸ்பேற்றைத் தவிர்த்தன. ஜப்பானிய நிறுவனங்களோ நீர்ப்பம்பியின் சீல்களைக் கருதிச் சிலிக்கேற்றைத் தவிர்த்து, பொஸ்பேற்றைப் பயன்படுத்தின.

இப்போது நிறத்துக்கு வருவோம். நிறம் என்பது சாயம் மட்டுமே. எந்த வகைக்கு எந்த நிறம் என்று உலகப் பொது விதி எதுவும் இல்லை. ஹொண்டாவின் கூலன்ற் நீலம், அதில் சிலிக்கேற் இல்லை. பி.எம்.டபிள்யூ. பல வருடங்களாகப் பயன்படுத்திய கூலன்றும் நீலம், அதில் சிலிக்கேற் உண்டு, பொஸ்பேற் இல்லை. இரண்டையும் நிறம் பார்த்து மாற்றி ஊற்றினால் கார் அன்றே நின்றுவிடாது. ஆனால் காப்பு இரசாயனங்களின் சமநிலை குலையும், ஆயுள் குறையும். பொருந்தாத சில கலவைகளில் களிபோன்ற படிவு உண்டாகி மெல்லிய குழாய்களை அடைக்கலாம். அப்போது உள்ளே ஹீற்றர் சூடு தராமல் போவது ஓர் அறிகுறி.

அப்படியானால் எப்படித் தெரிவு செய்வது?

கார்க் கையேட்டில் கூலன்றின் தரக் குறியீடு இருக்கும். வொக்ஸ்வேகன் குழுமக் கார்களுக்கு ஜி12 பிளஸ் பிளஸ், ஜி13, ஜி12 ஈவோ என்றும், ரொயோட்டாவுக்கு 'சுப்பர் லோங் லைஃப்' என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தக் குறியீடு போத்தலின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லாக் கார்களுக்கும் ஏற்றது' என்ற முன்பக்க எழுத்து போதாது. உற்பத்தியாளர் அங்கீகரித்தது என்பதற்கும், ஏற்றது என்று விற்பவரே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் காருக்கு இது மிக முக்கியம்.

அடுத்து, போத்தலில் இருப்பது ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா, கலக்க வேண்டியதா என்று பாருங்கள். கலக்க வேண்டியது என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரோ கனிமம் நீக்கிய நீரோ மலிவாகவே கிடைக்கும்.

பாவித்த கார் வாங்கியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படியான காருக்கு முழுவதையும் வடித்து, கழுவி, சரியானதை நிரப்புவதே பாதுகாப்பு. உள்ளே காற்று தங்காமல் நிரப்ப வேண்டும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் கராஜில் செய்விப்பது நல்லது. அதேவேளை, ஒவ்வொரு சேர்விசிலும் கூலன்ற் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் கையேட்டைக் காட்டுங்கள். வட அமெரிக்காவில் விற்கப்படும் பல ரொயோட்டா கார்களுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீற்றரில்தான்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களிலும் கூலன்ற் உண்டு. சில ஹைபிரிட்களில் இன்வேர்ட்டருக்குத் தனித் தொட்டி இருக்கும். சில மின்சாரக் கார்களின் பற்றரிக்கு, மின்கடத்தும் தன்மை குறைந்த தனிவகைக் கூலன்ற் வேண்டும். அங்கே கண்டதை ஊற்றுவது ஆபத்து.

கூலன்ற் மூடிய சுற்றில் ஓடுவது. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே இருக்காமல் காரணத்தைத் தேடுங்கள். வழியில் அவசரம் என்றால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட்டு வீடு வரலாம். பனி தொடங்க முன்னர் உறைநிலையைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிதிரவம் முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. எதிலீன் கிளைகோல் நஞ்சு. சுவையோ இனிப்பு. மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கராஜ் மூலையில் வைக்கும் பழக்கம் எம் வீடுகளில் உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். பழையதைக் கானில் ஊற்றாமல் நகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள்.

கையேடு ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ நோர்வீஜிய மொழியிலோ இருக்கிறது என்று பெற்றோர் அதைத் திறக்காமலே விடுவதுண்டு. வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கூலன்றின் குறியீடு, கடைசியாக மாற்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர் மூன்றையும் ஒரு துண்டில் எழுதி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை கடையில் நிற்கும்போது நிறத்தை நினைவுபடுத்த வேண்டியிராது.