உடல் எடை குறைக்க யூடியூப் ஆலோசனை: பொறுப்பு யாருக்கு?

புதுதில்லி:
கேரளத்தின் பாறசாலை சட்டமன்றத் தொகுதியில், தமிழக எல்லைக்கு அருகில் உள்ள ஊராட்சி ஆரியங்கோடு. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலத்தைப் பிரித்த அந்த எல்லை, கைபேசித் திரையைப் பிரிக்கவில்லை. உடல் எடையைக் குறைக்கவும், தசையைக் கூட்டவும் வழி சொல்லும் காணொளிகள் தமிழிலும் மலையாளத்திலும் குவிகின்றன. அவற்றில் எதை நம்புவது?

இது உயிர்ப் பிரச்சினை என்பதை 2025ஆம் ஆண்டின் இரு மரணங்கள் உணர்த்தின. மார்ச் மாதம், கண்ணூர் மாவட்டம் கூத்துபறம்பைச் சேர்ந்த 18 வயது மாணவி உயிரிழந்தார். யூடியூப் பார்த்து பல மாதங்களாக உணவைத் தவிர்த்து வந்தார் எனக் கூறப்பட்டது. உணவை வெறுக்கும் மனநோய் அவருக்கு இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர். ஜூலை மாதம், கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் 17 வயது மாணவர் இறந்தார். காணொளி ஒன்றைப் பார்த்து, மூன்று மாதங்கள் பழச்சாறு மட்டுமே அருந்தி வந்ததாகச் செய்திகள் வெளியாயின.

விதி என்ன சொல்கிறது?

விதிகள் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, சான்றிதழ் பெற்ற மருத்துவர்களும் உடற்தகுதி வல்லுநர்களும் ஆலோசனை கூறும்போது தங்கள் தகுதியை வெளிப்படுத்த வேண்டும். வல்லுநர்போல் தோன்றும் பிரபலங்கள், தாங்கள் கூறுவது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்று அறிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்திற்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

ஆனால், இச்சட்டத்தின் பிடி விளம்பரத்தின் மீதே இறுகுகிறது. எதையும் விற்காமல், பார்வையாளர் எண்ணிக்கைக்காகவே பட்டினியைப் புகழ்பவரை எளிதில் எட்டுவதில்லை. உணவியல் வல்லுநர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது. உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர் அதன் பட்டியலில் இல்லை.

விற்கப்படும் பொருளிலும் நம்பகம் குறைவு. கேரள மருத்துவர் சிரியாக் அப்பி பிலிப்ஸ் குழுவினர் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதப் பொடிகளில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது.

அருகிலேயே விடை

2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. வாரத்திற்கு அரை கிலோ எடை குறைவதே பாதுகாப்பானது. குறைப்பு உணவும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் கீழ் போகக்கூடாது என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. ‘பத்தே நாளில் பத்து கிலோ’ என்னும் காணொளியை அளக்க இந்த ஓர் அளவுகோலே போதும். சொல்பவரின் தகுதி என்ன, அவர் எதை விற்கிறார் என்ற இரு கேள்விகளையும் அதனுடன் சேர்த்துக் கொள்ளலாம்.

இந்த வழிகாட்டி ஹைதராபாத்திலிருந்து எல்லைக் கிராமத்து இளைஞரின் கைக்கு எளிய தமிழிலும் மலையாளத்திலும் வந்து சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளியும் அதற்கான வாயில்கள். அபராதம், மரணத்திற்குப் பிறகு வருவது. ஆலோசனை முன்பே வர வேண்டும். அந்தப் பொறுப்பு மத்திய அரசுக்கும் இரு மாநில அரசுகளுக்கும் உரியது.